கொன்சோல் நின்றுபோன மாசி மாதம்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் நான் வேலை செய்த துணித் தொழிற்சாலையை மூடியபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வருடம் அங்கே இயந்திரங்களைத் திருத்தியவன். அதற்குப் பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை. டொக்டர் அதற்கொரு பெயர் சொல்லி மாத்திரை தந்தார். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மனைவி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனதும், மகள் விட்டுப்போன கேம் கொன்சோலை எடுத்து டிவியில் உழவு இயந்திரம் ஓட்டுவேன். விதைப்பேன், அறுப்பேன், திரும்பவும் விதைப்பேன்.

அதை நான்தான் தேவாலயத்தில் நடந்த மகளின் உறுதிபூசுதலுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவள் கேட்டது கேம் விளையாட ஒரு கம்பியூட்டர்.

"கம்பியூட்டருக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வருத்தம் வரும். வேலையிலயும் திருத்தி வீட்டிலயும் திருத்த என்னால ஏலாது. இது போட்டவுடன வேலை செய்யும்" என்றேன்.

கொன்சோல் பழுதானால் எறிய வேண்டியதுதான், கம்பியூட்டர் என்றால் பழுதான பகுதியை மட்டும் மாற்றலாம் என்று அவள் டெனிஷில் சொன்னாள். நான் கேட்கவில்லை.

பிறகு சனி ஞாயிறுகளில் கடையொன்றில் வேலை செய்து, பகுதி பகுதியாக வாங்கித் தானே ஒரு கம்பியூட்டரைப் பூட்டினாள். மாதம் ஒருமுறை அது நின்றுபோகும். நான் அவளுடைய அறைக் கதவடியில் நின்று, "நான் சொன்னனான்தானே" என்பேன். கொன்சோல் ஒருநாளும் நின்றதில்லை. படிக்க ஓகூஸ் நகருக்குப் போனபோது கம்பியூட்டரை மட்டும் கொண்டுபோனாள்.

போன மாசியில் ஒரு திங்கட்கிழமை, வயலின் நடுவில் கொன்சோல் அணைந்துபோனது. பிறகு எழும்பவேயில்லை. புதன்கிழமை மனைவி வேலையால் வந்து பார்த்தபோது நான் கையில் கொன்ட்ரோலரோடு இருந்தேன்.

"இஞ்சருங்கோ, டிவியில ஒண்டும் ஓடேல்லையே?"

"அது பழுதாப் போச்சு."

"எப்ப?"

"திங்கள்."

மேலங்கியைக் கழற்றாமலே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக்குள் போய் மகளுக்குப் போன் எடுத்தாள்.

மனைவி சொன்னதால் மறுநாள் அதைக் கடைக்குக் கொண்டுபோனேன். பழுதென்று முறைப்பாடு செய்யக்கூடிய இரண்டு வருடத் தவணை எப்போதோ முடிந்துவிட்டது, திருத்துகிற செலவுக்குப் புதிதே வாங்கலாம் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். எத்தனையோ இயந்திரங்களைப் பிரித்த எனக்கு அதில் ஓர் ஆணியைக்கூடக் கழற்றத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மகள் வந்தாள். தன் கம்பியூட்டரில் மாற்றிய பழைய பகுதிகளையெல்லாம் சேர்த்து இன்னொன்று பூட்டிக் கொண்டுவந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் வைத்துச் சுவிட்சைப் போட்டாள். அது வேலை செய்யவில்லை. அவளுடைய முகம் சிவந்தது. நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள் போல. என் வாயில் அது வரவில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, "அப்பா, லைற்றைப் பிடியுங்கோ" என்றாள். அவள் என்னோடு தமிழில் கதைப்பது குறைவு.

உள்ளே மெமரித் தகடு செருகும் துளையில் தூசி அடைத்திருந்தது. "அந்தத் தகட்டைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, திருப்பி இறுக்கி அமத்து" என்றேன். செய்துவிட்டுத் திரும்பவும் சுவிட்சைப் போட்டாள். காற்றாடி சுற்றத் தொடங்கியது. அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

சந்தோசப்பட்டேன் என்று எழுத விருப்பம். அப்படி ஒன்றும் வரவில்லை. லைற்றை அணைக்க மறந்து, பிடித்தபடியே நின்றேன்.

பழைய வயல் கொன்சோலோடு போய்விட்டது. கம்பியூட்டரில் சின்னத் துண்டு நிலத்தில் மறுபடி தொடங்கினேன். பத்து நாளைக்கு ஒருமுறை அது நின்றுவிடும். நம்பிக்கைக்குக் கொன்சோல்தான் நல்லது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் இது நின்றால், நான் எழும்பிப் போய் திருப்புளி எடுக்கவேண்டியிருக்கிறது.

சித்திரையில் வேலையில்லாதவர்களைக் கவனிக்கும் கொம்யூன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் எடுத்து, பகலில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"கம்பியூட்டர் திருத்துறன்" என்றேன்.

"யாருடையது?"

"என்னுடையதுதான்."

அவள் அதைத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.