முழுப் பாதையையும் காட்டச் சொன்ன யோகன் அண்ணன்

யோகன் அண்ணன் இன்று விடியப் போய்விட்டார். நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே முடிந்துவிட்டதாம். ஆபீஸ் குரூப்பில் பார்த்தேன்.

மட்டக்களப்பு டவுனில் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் இரண்டு மேசை தள்ளி இருந்தவர். பக்கத்தில் கிரான் என்ற ஊர்க்காரர். மனிசரோடு சண்டை இல்லை. சண்டை முழுக்க டெக்ஸ்ட் எடிட்டரோடுதான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது.

வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது எங்கள் வேலைகளில் ஒன்று. அந்தச் செய்தி ஒரு ஃபைலில் இருக்கும். அதே பெயரில் சோதித்துப் பார்க்க டெஸ்ட் ஃபோல்டரில் ஒன்று, உண்மையாக அனுப்ப மெயின் ஃபோல்டரில் ஒன்று. எடிட்டரில் இரண்டையும் திறந்தால் இரண்டு டேபிலும் 'மெசேஜ்' என்று மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் அண்ணன் சும்மா சோதித்துப் பார்க்க, 'நாளை காலை தண்ணீர் திறக்கப்படும்' என்று எழுதினார். எழுதியது மெயினில். அது அப்படியே விவசாயிகளுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை அவருடைய அப்பாவின் கோல். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோரும் கேட்டோம்.

“மனே, வயல் வட்டைச் சனம் முழுக்க மண்வெட்டியோட வாய்க்கால் கட்டுல நிக்குது. சொட்டுத் தண்ணி இல்ல. என்ட மகன்ட மெசேஜ் எண்டு நான்தான் பெருமையாச் சொல்லித் திரிஞ்சன். இப்ப என்னத்தச் சொல்ல?”

அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு கிரானுக்குப் போனார். என்ன சொன்னார், யார் ஏசினார்கள், தெரியாது. மத்தியானம் புழுதிக் காலோடு வந்து, எங்கள் எல்லோருடைய எடிட்டரிலும் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்கிற முழுப் பாதையும் மேலே பெரிதாகத் தெரிகிற மாதிரி மாற்றினார். ஒருவரையும் கேட்கவில்லை.

பிறகு ஒரு அப்டேட் வந்தது. பாதை நீளமாக இருந்தால் நடுவை வெட்டிவிட்டு மூன்று புள்ளி போட்டது...

“தங்கச்சி, ஊரையும் காட்டுறான், வீட்டு நம்பரையும் காட்டுறான். தெருவ மறைச்சா தபால்காரன் எங்க போறது?” என்றார் என்னிடம்.

அதையும் மாற்றினார். பாதை இரண்டு வரி பிடித்தது. இடம் போகிறது என்று நான் முணுமுணுத்தேன். “போனாப் போகட்டும்” என்றார். அவ்வளவுதான்.

இன்று பகல் அவருடைய ஊர் விவசாயிகள் சங்கத்தில் இருந்து பேசினார்கள். “யோகன்ட செத்தவீட்டுச் செய்தியையும் அந்தத் தண்ணி மெசேஜ்லயே போட்டு விடுங்க தங்கச்சி. வட்டைக்காரருக்கும் தெரியட்டும்.”

ஃபைலைத் திறந்தேன். எழுதினேன். அனுப்ப முதல் மேலே பார்த்தேன், அவர் பழக்கின பழக்கம். இரண்டு வரி, நடுவில் ஒன்றும் மறையவில்லை. டெஸ்ட் இல்லை. மெயின்தான்.

டெஸ்ட் ஆக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

நம்பர்களில் அவருடைய அப்பாவின் நம்பரும் இருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன்.

போயிட்டு வாங்க அண்ணன்.