காலி வண்டியின் எடை

லாரி எடை போடும் மேடைக்குப் பக்கத்தில், ரெண்டு படி ஏறினால் வரும் சின்ன அறையில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவருக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் முள்ளு. தராசு முள்ளை நினைத்து வைத்தார்களா, தொண்டையில் சிக்கும் முள்ளை நினைத்து வைத்தார்களா என்பது வைத்தவர்களுக்கே வெளிச்சம். அவருக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேலை என்னவோ எளிதுதான். சரக்கோடு வரும் லாரியை இரும்பு மேடையில் ஏற்றி நிறுத்தினால், அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். சரக்கை இறக்கிவிட்டு அதே வண்டி காலியாகத் திரும்பி வரும். அதையும் எடை போட்டு, முதல் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் மிச்சம் சரக்கின் எடை. இந்த ரெண்டாவது நடைக்குத்தான் ஓட்டுநர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

"அண்ணே, காலி எடை கதவுலயே எழுதியிருக்கு. அதைப் போட்டுக்கக் கூடாதா?"

"எழுதினது எந்தக் காலத்துல? டீசல் குறைஞ்சிருக்கும், டயர் மாத்தியிருப்பே, கூட வந்த ஆள் இறங்கிப் போயிருப்பான். காலி வண்டி நேத்து இருந்த மாதிரி இன்னிக்கு இருக்காது. போய்க் காலி பண்ணிட்டு வா."

தலைகீழாக நின்றாலும் எடைச் சீட்டு கிடைக்காது. மெஷின் தப்பு என்று யாராவது சண்டைக்கு வந்தால் அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "சந்தேகமா இருந்தா நீயே ஏறி நின்னு பாரு." அத்தோடு வாய் மூடிக்கொள்ளும்.

வீட்டிலும் இதே கறார்தான். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரெண்டாவது மிட்டாய்க்குக் கை நீட்டினால், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "ஒண்ணுதான்" என்பார். அழுதாலும் ஒன்றுதான். பிள்ளை ஒரு கட்டத்தில் அழுவதை நிறுத்திவிட்டது, கேட்பதையும் நிறுத்திவிட்டது. நல்லபடி வளர்த்துவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த மகள்தான் வேலைக்குப் போன முதல் வருஷம் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். வாசலுக்கு வந்தவர் பழக்க தோஷத்தில் "என்ன லோடு?" என்று கேட்டார். பெட்டியிலிருந்து வெண்ணெய் நிறத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. லாப்ரடார் குட்டி. வேறு பெயர் யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. லோடு என்றே நிலைத்துவிட்டது.

ரெண்டு வருஷம் கழித்து மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அவள் தங்கிய விடுதியில் நாய்க்கு இடமில்லை. மனைவியோ காலையில் மருந்துக் கடைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவாள். ஆக, லோடு எடை அறைக்கு வேலைக்கு வந்தது. வேலை என்று சும்மா சொல்லவில்லை. கீழே விழுவதை எடுத்துக் கொண்டுவந்து கையில் கொடுப்பது அந்த இனத்துக்கு ரத்தத்திலேயே ஊறிப்போனது. ஒருநாள் காற்றில் பறந்த எடைச் சீட்டை ஓடிப்போய்க் கவ்வி, கீழே நின்ற ஓட்டுநரிடமே கொண்டுபோய்க் கொடுத்தது. சீட்டில் ஒரு பல் தடம் இல்லை. வாய் அவ்வளவு மெத்து, கோழி முட்டையைக் கொடுத்தாலும் உடையாமல் திரும்பி வரும். அன்று முதல் சீட்டு கொண்டுபோவது லோடின் பொறுப்பு. முள்ளின் முகத்தைப் பார்த்துச் சிரிக்காத ஓட்டுநர்கள் அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பராமரிப்பிலும் அவரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரைக் கண்டால் குதிக்கும் நாய் என்பதால், குளித்த பிறகு தொங்கும் காதுகளைத் தூக்கி உள்ளே ஈரம் போகத் துடைப்பார். முடி கொட்டும் மாதங்களில் தினமும் ரப்பர் சீப்பால் வாருவார். வாரிய முடியைப் பார்த்தால் இன்னொரு நாய் செய்துவிடலாம் போலிருக்கும். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வயிறு இருக்கிறதே, அதற்கு அடி கிடையாது. சாப்பிட்டு முடித்த அடுத்த நிமிஷம், பிறந்ததிலிருந்து எதையுமே கண்ணால் பார்க்காதது போல் வந்து நிற்கும்.

ஐந்து வயசு ஆனபோது லோடு படி இறங்க மறுத்தது. வாயில் சீட்டோடு மேல் படியில் நின்று, கீழே பார்த்து, திரும்பி அவரைப் பார்த்தது. பின்னங்கால்கள் நடுங்கின. அன்று சாயங்காலமே கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாள். "இடுப்பு மூட்டு தேய ஆரம்பிச்சிருக்கு, சார். இந்த வகைக்கு இது வரக்கூடியதுதான். ஆனா இப்போ நாப்பத்திரண்டு கிலோ இருக்கு. முப்பதுக்குக் கொண்டுவரணும். முதல் மூணு மாசத்துல ஆறு கிலோவாவது குறையணும். இல்லன்னா பின்னங்கால் ரெண்டும் போயிடும்."

செய்தி மகளுக்குப் போனது. அவள் அப்போது விடுதியை விட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்திருந்தாள். "மூணு மாசம் பார்ப்போம்ப்பா. ஆறு கிலோ குறையலன்னா நான் கூட்டிட்டுப் போயிடறேன். அங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு போடறீங்க."

"குறைச்சுக் காட்டறேன்," என்றார். குரலில் தெம்பு இருந்தது.

மறுநாள் எடை அறைச் சுவரில் அறிவிப்பு ஏறியது: 'நாய்க்கு எதுவும் போடக் கூடாது. மீறினால் சீட்டு கிடையாது.' பிஸ்கட்டோடு வந்தவர்கள் பிஸ்கட்டோடு திரும்பினார்கள். "மேடையில ஏத்தி எடை பாரேன்ணே" என்று ஒருவன் கிண்டல் செய்தான். பத்துக் கிலோவுக்குக் குறைந்த வித்தியாசம் அந்த மேடைக்குக் கண் தெரியாது என்பது அவனுக்கும் தெரியும்.

அதனால் வீட்டுக் குளியலறை மெஷினில்தான் எடை. முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் ஏறினார், எழுபத்துநாலு. பிறகு லோடைக் குழந்தை மாதிரி வாரித் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறினார். நூற்றுப் பதினாறு. கழித்தால் நாற்பத்திரண்டு. காலண்டரில் குறித்தார். அடுத்த வாரத்திலிருந்து நாயோடு மட்டும் ஏறினார். இருபது வருஷமாக எழுபத்துநாலு, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

நூற்றுப் பதினைந்தரை. நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பதினாலு. ஞாயிறு தவறாமல் மகள் கூப்பிட்டுக் கேட்பாள். அவர் எழுபத்துநாலைக் கழித்துவிட்டு, பரீட்சை மார்க் சொல்லும் பிள்ளை மாதிரிச் சொல்வார். "முப்பத்தொம்பது, பாப்பா!"

மனைவிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "என்னங்க, முகமே வத்திப்போச்சு?"

"ரெண்டு வேளை அதோட நடக்கறேன்ல. உடம்பு இறுகியிருக்கு."

நடந்தது இதுதான். மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் லோடு வந்து முழங்காலில் தாடையை வைக்கும். குரைக்காது, முனகாது, காலால் தட்டாது. பழுப்புக் கண்களைத் தூக்கிப் பார்க்கும், அவ்வளவுதான். முதல் வாரம் ஒரு வாய் கொடுத்தார். நாய்ச் சாப்பாட்டின் அளவைக் குறைத்தாயிற்று, யார் போடுவதையும் நிறுத்தியாயிற்று, இது என் பங்கிலிருந்து ஒரு வாய்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஒரு வாய் ரெண்டாயிற்று. ரொட்டியில் பாதி, முட்டையில் பாதி, பழத்தில் பாதி. ஞாயிற்றுக்கிழமை எடையும் குறைந்துகொண்டே வந்ததால், கொடுத்தாலும் குறைகிற நாய் என்று அவருக்கு ஆச்சரியம்கூட வந்தது. இடுப்புப் பட்டையில் ஆணியால் ரெண்டு புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

மூன்றாம் மாத முடிவில் காலண்டர் முப்பத்தாறு என்றது. மகள் லீவு போட்டு வந்தாள். அப்பாவும் மகளும் லோடைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்கள். தரையோடு தரையாக இருந்த எடைத் தகட்டில் லோடு தானே போய் உட்கார்ந்து வாலை ஆட்டியது. எண் நாற்பத்திரண்டில் நின்றது.

"உங்க மெஷின் தப்பு," என்றார்.

"போன வாரம்தான் சரிபார்த்தாங்க, சார். சந்தேகமா இருந்தா நீங்களே ஏறி நின்னு பாருங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அறுபத்தெட்டு.

இருபத்தெட்டு வருஷமாக எத்தனை ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார், காலி வண்டியை மறுபடி எடை போடாமல் சீட்டு கிடையாது என்று! தன் விஷயத்தில் கதவில் எழுதியிருந்த எடையை நம்பிவிட்டார். வெட்கத்தில் காது ரெண்டும் சுட்டது.

மகளின் கண் அவருடைய இடுப்புப் பட்டைக்குப் போயிற்று. "மதியம் சாப்பிடறீங்களா, இல்லையா?"

"சாப்பிடறேன்."

"எவ்வளவு?"

"பாதி."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ எழுதுவது போல் குனிந்துகொண்டாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊருக்கே இல்லன்னு சொல்ற ஆளு நீங்க. இதுக்கு மட்டும் எப்படிப்பா?"

"ஊரு வாய்விட்டுக் கேக்கும், பாப்பா. இது கேக்கல. சும்மா பார்த்துட்டே இருக்கும்."

"நானும் பார்த்திருக்கேன்ப்பா."

அதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. செய்தித்தாளும், அதற்கு அந்தப் பக்கம் நீண்டிருந்த சின்னக் கையும் அவருக்கு நினைவுக்கு வந்தன. அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருந்திருக்கும். எவ்வளவு யோசித்தும் அது எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

"அப்போ நான் நிமிர்ந்து பார்க்கலம்மா," என்றார். "பார்த்திருந்தா கொடுத்திருப்பேன்."

பிறகு லோடின் கயிற்றை எடுத்து அவள் கையில் வைத்தார். "கூட்டிட்டுப் போ. சொன்னது சொன்னதுதான். ஒரு கிலோகூடக் குறையல. என்கிட்ட இருந்தா அது கால் போயிடும்." குரல் உடைந்தது. அவர் மறைக்கவும் முயலவில்லை.

மகள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். லோடு அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் கயிற்றைத் திரும்ப அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். "தப்பாப் போட்ட எடைக்கு சீட்டு கொடுப்பீங்களா நீங்க? முதல்லேருந்து போடுங்க. இன்னும் மூணு மாசம். இந்தத் தடவை ரெண்டு பேரையும் தனித்தனியா."

வழி சொன்னது டாக்டரம்மாதான். "கொடுக்காம இருக்க உங்களால முடியாது சார், விட்டுடுங்க. காலையிலயே அதோட ஒரு நாள் தீனியை அளந்து ஒரு டப்பாவுல போட்டுடுங்க. நீங்க சாப்பிடறப்போ அந்த டப்பாவுலேருந்து ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுங்க. அதுக்கு வேண்டியது உங்க சாப்பாடு இல்ல, உங்க கையிலேருந்து வாங்கறது."

அன்றிலிருந்து மேஜையில் ரெண்டு டப்பா. மதியம் ஒரு மணிக்கு மகள் போனில் முகம் காட்டுவாள், அவளும் தன் அலுவலகத்தில் சாப்பிட்டபடி. அவர் ஒரு வாய் சாப்பிடுவார், இன்னொரு டப்பாவிலிருந்து லோடுக்கு ஓர் உருண்டையை நீட்டுவார். "இப்போ உங்க வாய்ப்பா," என்பாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். மகள் வீட்டில் இருந்த காலத்தில்கூட அவர்கள் ஒரு நாளும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. காலண்டரில் ரெண்டு வரிசை எண்கள் ஓடின, ஒன்று ஏற, ஒன்று இறங்க. ரெண்டாவது மாதம் நாயின் எண் ஒரு வாரம் அசையாமல் நின்றது. அவர் பயந்துபோய் நடையைக் கூட்டினார். பக்கத்துக் குளத்தில் தினமும் நீந்தவிட்டு, கரையேறியதும் மறக்காமல் காதைத் துடைத்தார்.

மூன்றாம் மாதம் பாதியில், ஒரு மதியம், சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு லாரி வந்தது. எடை போட்டுச் சீட்டை எழுதி ஜன்னல் வழியாக நீட்டப் போனார். லோடு எழுந்து வந்து அவர் கைக்குக் கீழே வாயைத் திறந்தது. ஐந்து மாதத்துக்கும் மேலாக அது சீட்டைத் தொட்டதில்லை. அவர் சீட்டை அதன் வாயில் வைத்தார்.

மேல் படியில் நின்றது. கீழே பார்த்தது. முன்னங்கால் ரெண்டையும் வைத்தது, பின்னங்கால்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்து சேர்ந்தன. ஒரு படி. இன்னொரு படி. நேரே ஓட்டுநரிடம் நடந்துபோய்த் தலையை நிமிர்த்தியது.

"பல் பட்டிருக்கா?" என்று ஜன்னலிலிருந்து கத்தினார்.

"இல்லண்ணே. ஈரம்கூட இல்ல."

மேஜையில் சாய்த்து வைத்திருந்த போனில் மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்பா, உங்க டப்பாவுல இன்னும் பாதி இருக்கு."

அவர் வந்து உட்கார்ந்து, போனில் தெரிந்த அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்க்கப் பார்க்க முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.