குளக்கட்டில் நட்ட வாள்

எங்கள் குறும்படத்தின் கடைசிக் காட்சியில் வீரன் தன் வாளை முழங்காலில் வைத்து முறிக்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் படமே எடுத்தோம். குளக்கட்டைக் காவல் காத்தவன் ஒரு பெருமழையில் பயந்து ஓடிவிடுகிறான். கட்டு உடைந்து ஊர் அழிகிறது. சாகவும் முடியாமல் பல தலைமுறை காட்டில் அலைந்துவிட்டுத் திரும்பி வருகிறான். மானம் போன கைக்கு வாள் எதற்கு என்று முறித்துப் போடுகிறான். கதை என்னுடையது. போன வருடம் கல்லூரிப் போட்டித் திரையிடலில் என் படத்தைப் பார்த்து, அழ வேண்டிய இடத்தில் மண்டபமே சிரித்தது. இந்த முறை யாரும் சிரிக்கக் கூடாது என்ற வைராக்கியம் எனக்கு.

கிளிநொச்சியில் ஒரு வெல்டிங் கடையில் தகரத்தில் வாள் செய்வித்தோம். சுலபமாக முறியட்டும் என்று நடுவில் பாதிவரை அறுத்தும் வைத்திருந்தோம். உருத்திரபுரம் பக்கத்துக் குளக்கட்டில், பாலை மரத்தடியில் அதை நட்டுவிட்டுக் கமராவைத் தூக்கியதுதான் தாமதம், மழை பிடித்துக்கொண்டது. கமராவைக் காப்பாற்றுகிற அவசரத்தில் வாளை மறந்துவிட்டு ஓடினோம். வீரன் வேடம் போட்டவன் எல்லாருக்கும் முன்னால் ஓடினான். அதைச் சொல்லிச் சொல்லி பஸ்ஸில் சிரித்தோம்.

இரண்டு நாள் கழித்து மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தால், வாளுக்குச் சந்தனப் பொட்டு. அடியில் செவ்வரத்தம்பூ, கற்பூரம் எரிந்த கரி. எங்கள் பக்கத்தில் மரத்தடியில் ஒரு கல்லோ சூலமோ நின்றால் போதும், போகிறவர்கள் வருகிறவர்கள் கும்பிடத் தொடங்கிவிடுவார்கள். அது தெரிந்த நாங்களே நட்டுவிட்டு வந்திருக்கிறோம். போதாததற்கு, அறுத்த இடத்தைச் சுற்றிச் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது கையில் பூவோடு ஒரு அம்மா வந்தார். அந்த ஊர்க்காரியான என் சிநேகிதி, அவரின் மகன் யுத்தத்துக்குள் காணாமல் போனவர் என்று என் காதுக்குள் சொன்னாள்.

"அம்மா, இது சாமியில்லை. நாங்கள் படத்துக்குச் செய்த வாள்," என்றேன்.

அவர் வெட்கப்படவில்லை. "முறியப் பாக்குது பிள்ளை, அதுதான் கட்டிவிட்டனான். படத்தில இது ஆரின்ர வாள்?"

கதையைச் சொன்னேன். வீரன் ஓடியதையும் ஊர் அழிந்ததையும் சொல்லும்போது தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"பிறகு திரும்பி வந்தவரோ?"

"ஓம். வந்துதான் வெட்கத்தில வாளை முறிக்கிறார்."

"வந்திட்டார்தானே. பிறகேன் முறிக்கிறியள்?"

நான் வாளைப் பார்த்தேன். "தேவையெண்டால் எடுங்கோ," என்று அவரே குனிந்து துணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். மழையில் நனைந்து இறுகிய முடிச்சு. விரல்கள் வழுக்கின. அட்டைக் கவசத்தோடு நின்ற எங்கள் வீரன்தான், "விடுங்கோ அம்மா, அது இருக்கட்டும்," என்றான். எனக்கும் அவனை மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை. அவன் குளக்கட்டின் மறுமுனையிலிருந்து நடந்துவந்து வாளுக்கு முன்னால் சும்மா நிற்பதை மட்டும் எடுத்தோம்.

திரையிடலில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் படத்துக்கு முடிவே இல்லை என்றார்கள் நடுவர்கள். பரிசும் இல்லை. அன்றைக்கு நான் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு காட்சியை விட்டுக்கொடுத்ததற்கு இவ்வளவா என்று அந்த அம்மாமேல்கூடக் கோபம் வந்தது.

அந்தக் கோபம் அடங்கிய பிறகு ஒருநாள் குளக்கட்டுக்குப் போய், என் போனில் அவருக்குப் படத்தைக் காட்டினேன். பாலை மரத்தடியில் நின்றபடியே பார்த்தார். வீரன் நடந்து வந்து நின்றதும் படம் முடிந்தது.

"இவர் எந்தப் பக்கத்தால வந்தவர்?" என்று கேட்டார்.

கையை நீட்டிக் கட்டின் மறுமுனையைக் காட்டினேன். போனை என்னிடம் தந்துவிட்டு, அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.