செம்பருத்தி வேலிக்கு வைத்த கழுத்து

மாவுப்பூச்சிக்கு வெட்கம் மானம் எதுவும் கிடையாது. சோப்புத் தண்ணீர் அடித்து, குச்சி குச்சியாகத் தேய்த்துக் கழுவிவிட்ட செடியில், அடுத்த வாரமே பஞ்சு ஒட்டினாற்போல் வந்து அப்பிக்கொள்கிறது. போதாததற்கு எறும்புக் கூட்டம் வேறு துணைக்கு. இலை சுருண்டு, மொட்டு கருகி, வேலி பாதி மொட்டையாகிவிட்டது. மைக்கம்மாவுக்கு ரத்தம் கொதித்ததில் என்ன தப்பு?

மைக்கம்மா, பஸ் ஸ்டாண்டில் வண்டி வருவதையும் போவதையும் மைக்கில் அறிவிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அவள் ஒரு அதட்டல் போட்டால், நடைமேடையில் குறுக்கே நிற்கிற வண்டி தானாக நகரும். அவள் வீட்டுக்காரரும் அங்கேயே டிரைவர். அவர் வண்டி தாமதமானால் பூசி மெழுக மாட்டாள். "இன்னும் வரவில்லை, டிரைவர் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பார்" என்று ஊருக்கே கேட்கும்படி போட்டு உடைத்துவிடுவாள். மனுஷர் சிரித்துக்கொண்டே வந்து இறங்குவார். ஓய்வு பெற்ற அன்றைக்கு மைக்கை ஆபீசில் விட்டுவிட்டு, சத்தத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று தெருவில் பேச்சு.

அவள் வீட்டுக்கும் பக்கத்து டெய்லர் வீட்டுக்கும் நடுவில் மதில் கிடையாது, இந்தச் செம்பருத்தி வேலிதான். அதற்குச் சட்டம் போட்டவளும் அவள்தான். துணி துவைக்கிற இடம் வெளியே தெரியக் கூடாது, அதனால் வேலி ஆள் உயரம் இருக்க வேண்டும். அவரவர் பக்கத்தை அவரவர் வெட்ட வேண்டும், அடுத்த பக்கத்து இலையில் கை படக் கூடாது. டெய்லர் தலையாட்டினார். தலையாட்டாமல் அந்த வீட்டுப் பக்கத்தில் குடியிருக்க முடியுமா?

பிறகு டிரைவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. நாக்கு குழறிற்று. சக்கர நாற்காலியில் வைத்துப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினால், வேலியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் டெய்லர் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்.

"அண்ணி, ஒரே ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் இறக்கிக்கட்டுமா? அண்ணன் முகம் தெரியற அளவுக்கு."

"இறக்கிக்குங்க. ஆனா பாத்து, ஜாக்கெட்டுக்கு வைக்கிற மாதிரி ரொம்ப இறக்கம் வச்சிடாதீங்க."

டெய்லர் சாக்பீஸால் கோடு போட்டு, அளவெடுத்து, வேலிக்கு அழகாக ஒரு கழுத்து வெட்டினார். அந்த வாரமே முன்னறையில் இருந்த தையல் மிஷினைப் பின்னால், வேலிப் பக்கம் திறந்திருந்த தகரக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டார். கேட்டதற்கு, அங்கேதான் காற்று வருகிறது என்றார். அன்றுமுதல் அந்தக் கழுத்துக்கு இந்தப் பக்கம் டிரைவர் முகம், அந்தப் பக்கம் டெய்லர் முகம். டெய்லர் பேசுவதும் டிரைவர் சிரிப்பதும் மைக்கம்மாவுக்குச் சமையலறையில் கேட்கும். வேறு யாரிடமும் டிரைவர் சிரிப்பதுகூட இல்லை.

ஒன்று மட்டும் மைக்கம்மாவுக்குப் பிடிக்கவில்லை. டெய்லரின் தையல் கோணிக்கொண்டு போக ஆரம்பித்தது. "தோள்பட்டையில தையல் ஏன் இப்படி வளையுது? கண்ணு தெரியலைன்னா மிஷினை மூட்டை கட்டுங்க!" என்று கழுத்து வழியாக ஜாக்கெட்டைத் தூக்கி எறிந்தாள். அவர் சிரித்தபடி பிரித்துத் தைத்துக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் பூச்சி வந்து சேர்ந்தது. மைக்கம்மா தன் பக்கத்தைக் கழுவினாள். டெய்லர் தன் பக்கத்துக்கு வேப்பெண்ணெய் அடித்தார். சட்டம் சட்டம்தான், இருவரும் ஒரு இலை தாண்டவில்லை. பூச்சிக்குக் கொண்டாட்டம்.

"உங்க பக்கம்தான் பூச்சிக்குப் பண்ணை. நான் கழுவக் கழுவ இங்க அனுப்பி வைக்கிறீங்க!"

"உங்க பக்கத்துலேர்ந்துதான் அண்ணி எறும்பு சாரை சாரையா வருது."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

லீவுக்கு வந்திருந்த டெய்லரின் மகன் நடுவில் புகுந்தான். "எதுக்குப்பா இந்தத் தலைவலி? எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு மதில் எழுப்பிடலாம்."

டெய்லர் வேலியின் கழுத்தைத் தடவினார். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடம் அதுதான். மைக்கம்மாவா மூடுவாள்? "கட்டுங்க! நல்லா உசரமா கட்டுங்க! உங்க மூஞ்சியில முழிக்காம நிம்மதியா இருக்கலாம்!"

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கழுத்தில் தெரிந்த டெய்லர் முகம் விலகிப் போயிற்று.

அன்று டிரைவர் சாப்பிடவில்லை. இடதுகாலால் தரையை உந்தி உந்தி நாற்காலியைத் திருப்பி, குளியலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "இப்ப என்ன, என் மேலதான் தப்பா? பூச்சியை நானா வளர்த்தேன்? யாருக்காக இடுப்பொடியக் கழுவினேன்?" என்று மைக்கம்மா குதித்தாள். அவர் திரும்பவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்து டெய்லர் பக்கத்தில் மதிலுக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார். மைக்கம்மா ரம்பத்தை எடுத்தாள். வாசல் வழியாகச் சுற்றி டெய்லர் வீட்டுக்குள் நுழைந்தாள். நூலைத் தாண்டிப் போய் அவர் பக்கத்துக் கிளையில் ரம்பத்தை வைத்தாள். டெய்லர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணி, அது எங்க பக்கம்!"

"பூச்சிக்குப் பக்கம் தெரியுமா டெய்லரே? நான் அங்க அடிச்சா இங்க ஓடி வருது, நீங்க இங்க அடிச்சா அங்க ஓடுது. நடுவுல நாம கோடு போட்டுக் காவல் காக்கிறோம். யாரு போட்ட கோடுன்னு மட்டும் கேக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா முட்டி உசரத்துக்கு மொட்டையடிச்சாத்தான் மறுபடி துளிர்க்கும்!"

டெய்லர் திரும்பினார். "நூலைச் சுத்துங்க மேஸ்திரி" என்றார்.

"அப்பா..." என்றான் மகன்.

"நீ லீவு முடிஞ்சா போயிடுவே. நான் இங்கதானே இருக்கணும்?"

இருவரும் அறுத்தார்கள். வெட்டிய கிளைகளைப் பூச்சியோடு சாக்கில் திணித்துக் கட்டினார்கள். டெய்லர் பக்கத்தை மைக்கம்மாவும் மைக்கம்மா பக்கத்தை டெய்லரும் வெட்டியதை யாரும் கவனிக்கவில்லை. கடைசிக் கிளை விழுந்ததும் தகரக் கொட்டகைக்குள் வெளிச்சம் பாய்ந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த மைக்கம்மா அப்போதுதான் மிஷினை முழுசாகப் பார்த்தாள். கொட்டகைக்கு இருந்தது ஒரே ஜன்னல், அதுவும் எதிர்ச் சுவரில். எந்த டெய்லரும் ஜன்னல் ஓரமாகத்தான் மிஷின் போடுவார். இந்த மனுஷர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வேலிக்கழுத்தைப் பார்க்கப் போட்டிருந்தார். தைக்கிற துணி மேலெல்லாம் அவர் நிழல்தான் விழுந்திருக்கும். தையல் கோணாமல் என்ன செய்யும்?

"காத்துக்குன்னு சொன்னீங்களே!" என்று பாய்ந்தாள்.

டெய்லர் தரையைப் பார்த்தார். "அண்ணன் வாயசைவைப் பாத்தாத்தான் அண்ணி அவரு பேசுறது புரியுது. அதான்."

"பேசுறாரா? அவரா?"

"பேசுவாரே. நிறைய. நீங்க மைக்குல அவரு மானத்தை வாங்கினதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

மைக்கம்மா திரும்பிப் பார்த்தாள். ரம்பச் சத்தத்துக்கு டிரைவர் எப்போதோ நாற்காலியைத் திருப்பிவிட்டிருந்தார். அடிக்கட்டைகளுக்கு மேலே டெய்லரைத் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையே! ஏன்? நான் என்ன கடிச்சா திங்கறேன்?"

டிரைவரின் உதடு கோணி அசைந்தது. மைக்கம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சொல்றாரு?" என்று டெய்லரைக் கேட்டாள்.

டெய்லர் தயங்கினார். "விடுங்க அண்ணி."

"சொல்லுங்க!"

"நீங்க எங்க பேச விட்டீங்கன்னு கேக்குறாரு."

மைக்கம்மா ரம்பத்தைக் கீழே போட்டாள். அடிக்கட்டைகளைத் தாண்டித் தன் பக்கம் வந்து, துணி துவைக்கிற கல்லில் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அவர் உதட்டையே முறைத்துப் பார்த்தாள்.

"இத்தனை நாளா டெய்லர்கிட்ட என்னவெல்லாம் சொன்னீங்க?" என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும் குரலில் அதட்டினாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க."