“சூ” என்றதும் பாய்ந்த நாய்கள்

“படிச்ச புள்ள வட்டையில ரெண்டு நாள் நிப்பாளோ?” என்று மாமா அம்மாவிடம் சிரித்தபடி கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவின் கால் முறிந்திருந்த அந்த ஐப்பசியில், விதைத்த வயலைப் பன்றிகளிடமிருந்து காக்க நானும் அம்மாவும் இரண்டு நாய்களும் வட்டைக்கு, ஊருக்கு வெளியே இருந்த அந்த வயல்வெளிக்கு, போனோம். உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியை வரம்போரம் நிறுத்தி, மேலே மழைக்குப் படங்குச் சீலை கட்டி, அதற்குள் தங்கினோம்.

ஒரு மாலை, மழைக்குள் பற்றைப் புதர் அசைந்தது. பன்றியென்று நினைத்து அம்மா “சூ” என்றார். நாய்கள் பாய்ந்தன. பிறகுதான் பிளிறல் கேட்டது.

“ஐயோ, ஆனை, மகள். நாயைத் துரத்திக்கிட்டு நம்மளிட்டத்தான் வரும்.”

ஆண் நாய் மட்டும் திரும்பிவந்து பெட்டிக்கடியில் ஒடுங்கியது. வயிற்றில் குட்டிகளோடிருந்த பெட்டை வரவில்லை. கூப்பிட்டால் யானைக்கும் கேட்கும். கூப்பிடாவிட்டால் அது வழி தெரியாமல் கிடக்கும். நன்றாக இருட்டிய பிறகு வாய்க்கால் பக்கம் அதன் முனகல் கேட்டது. மழையில் வாய்க்கால் நிரம்பிக்கொண்டிருந்தது.

“விடியட்டும் மகள்,” என்று அம்மா என் கையைப் பிடித்தார்.

“விடியிறதுக்குள்ள தண்ணி மூடிரும் அம்மா.”

கையை விடுவித்துக்கொண்டு பெட்டியிலிருந்து இறங்கினேன். அம்மா மறுபடி பிடிக்கக் கை நீட்டியபோது, நான் முழங்காலளவு தண்ணீரில் வாய்க்காலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.