பதின்மூன்றாவது ஸ்பிரிங்

மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு கராஜின் பின்வளவில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த கணத்தில்தான் அண்ணாவுக்கு அந்த எண்ணம் வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஏப்ரல் மாதம். எங்கள் வீட்டுக் காரின் பிரேக்கைக் காட்டத்தான் போயிருந்தோம். தார்ப்பாயின் கீழே தாழ்ந்த, கூர்மூக்கு வைத்த ஒரு சிவப்புக் கார். எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் செய்த ஆர்எக்ஸ்-7. கராஜ்காரரை நாங்கள் மிசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கையை விரித்தார்.

"இதுக்குப் பிஸ்டனே இல்லையாம்," என்றார் அண்ணா.

"ஓம், ரோட்டரி எஞ்சின். முக்கோணம் ஒண்டு உள்ளுக்குச் சுத்தும்."

"நீ கண்டனியோ?"

"படிச்சனான்."

"படிச்ச ஆள் ஆயிரம் பேர் இருக்கினம். வாடி, கழட்டிக் காணுவம்."

இன்று அண்ணாவின் ஆண்டுத்திவசத்திற்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர், நண்பர்கள் பலர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கார் இயங்கும் சத்தத்தைக் கேட்கலாம் என்ற நினைப்போடு வந்திருப்பீர்கள். அண்ணி எல்லோருக்கும் தொலைபேசியில் அப்படித்தான் சொல்லியிருந்தார். மன்னியுங்கள். இன்று எஞ்சினை இயக்கமாட்டோம். ஏன் என்று வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணா திருகோணமலையில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பள்ளிக்கூடம் முடியவில்லை. லொறி பழுதுபார்க்கும் இடத்தில் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் பார்த்தார். தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலத்தில் தனியாக மொன்றியல் வந்திறங்கி, உணவகத்தில் கோப்பை கழுவி, துறைமுகப் பக்கத்துக் களஞ்சியங்களில் பெட்டி ஏற்றி இறக்கி, கடைசியில் டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பைகளை இழுக்கும் சிறு வண்டிகளைத் திருத்தும் வேலையில் அமர்ந்தார். பிரெஞ்சில் வணக்கம் சொல்லப் பழகுமுன்பே சாவிகள், திருகாணிகளின் பெயர்களைப் பழகிவிட்டார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் போன பிறகு என்னை இங்கே எடுத்து, இயந்திரப் பொறியியல் படிக்க வைத்தார். தனக்கென்று அவர் ஆசைப்பட்ட ஒரே பொருள் அந்தக் கார்தான்.

"ஓடுற கார் ஒண்டு வீட்டிலை நிக்குது. ஓடாத கார் ஒண்டையும் கொண்டந்து நிப்பாட்டுறியளோ?" என்று அண்ணி கேட்டார்.

"இதுவும் ஓடினதுதானப்பா. ஓடத் தெரியாத ஆக்களிட்டை இருந்திட்டுது," என்றார் அண்ணா.

அது உண்மை. தெருவில் பனி அள்ளும் வண்டி வருகிறது என்று சைரன் கேட்டால் இந்த நகரத்தில் எல்லோரும் ஓடிப்போய்க் காரை எடுத்து எதிர்ப்பக்கத்தில் விடுவோம் அல்லவா? முன்னைய சொந்தக்காரரும் அதையே செய்தார். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, நாலு அடி நகர்த்தி, உடனே நிறுத்தினார். ரோட்டரி எஞ்சினுக்கு அது ஆகாது. உள்ளே பெற்றோல் தேங்கி நின்றுவிடும், பிறகு இலேசில் இயங்காது. பழுது என்று நினைத்துத் தார்ப்பாயைப் போர்த்து விட்டுவிட்டார். அப்படியே வருடக்கணக்காகக் கிடந்ததில் உள்ளே எல்லாம் இறுகிப் போனது.

அந்தக் கோடை முழுவதும் நான் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து கட்டுரைகளைக் கொண்டுவந்து வாசித்தேன், எங்கள் வீட்டின் கீழிருந்த கராஜில் அண்ணா கழற்றினார். முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் மெல்லிய தகடுகள் இருக்கும். அவைதான் சுவரோடு உரசி, வாயு கசியாமல் அடைக்கின்றன. ஜப்பானியப் பொறியாளர்களுக்கு ஆரம்பத்தில் தூக்கத்தைக் கெடுத்தவை அந்தத் தகடுகள்தான். ஓடி ஓடிச் சுவர் முழுவதும் அலை அலையாகக் கீறல். பேய் நகத்தால் பிறாண்டியது போல இருக்கிறது என்றே அவர்கள் சொன்னார்கள். இன்னும் கடினமான பொருள், இன்னும் கடினமான பொருள் என்று தேடியபோது பலன் கிடைக்கவில்லை. தகடு தனக்குள்ளேயே அதிர்வதுதான் காரணம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. தகட்டில் துளையிட்டு அதிர்வை மாற்றிப் பார்த்தபோது கீறல் மறைந்தது.

இதை வாசித்துக் காட்டியபோது அண்ணா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பாத்தியே, சுவரிலை பிழை தேடினால் எப்பிடிக் கிடைக்கும்?" அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம். எஞ்சின் சின்னதாக இருந்ததால் அதை முன்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்து, காரின் பாரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று அறிந்ததும், பயணப்பை வண்டியிலும் அப்படிச் செய்தால் என்ன என்று கடதாசியில் கீறத் தொடங்கிவிட்டார்.

ரோட்டரின் மூலைகளில் குண்டுமணி அளவில் இன்னொரு அடைப்பும் உண்டு. அதன் அடியில் ஒரு சிறு ஸ்பிரிங். இரண்டு ரோட்டர், ஆறு மூலை, மூலைக்கு இரு பக்கம். மொத்தம் பன்னிரண்டு. பழைய பன்னிரண்டையும் கழற்றி ஒரு தட்டில் வைத்தோம். பனிக்காலம் தொடங்கியதும் புதிய பொதியிலிருந்து பன்னிரண்டை எடுத்து, வழுக்கி விழாமல் வாஸ்லைன் களிம்பைப் பூசி, அண்ணா என் கண் முன்னே ஒவ்வொன்றாகப் பொருத்தினார். கடைசியாக இருந்தது பின் ரோட்டரின் மேற்பக்கம், மூன்று மூலைகள். அதைச் செய்துகொண்டிருக்கையில் திடீரென்று கதிரையில் இருந்துவிட்டார்.

"என்னண்ணா?"

"ஒண்டுமில்லை. கழுவுற எண்ணெய் மணம் தலைக்கு ஏறுது. தண்ணி கொண்டா."

நான் மேலே போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். திரும்பி வரும்போது பின் மூடி பூட்டியாகிவிட்டது. "இஞ்சினியர் அம்மா வரும்வரைக்கும் வேலை நிக்குமோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான்காம் நாள் வேலைத்தலத்தில் மாரடைப்பு வந்து, அண்ணா எங்களை விட்டுப் போனார்.

எட்டாம் நாள் சடங்கன்று வீட்டில் இடம் போதவில்லை. சமையலுக்கும் கதிரைகள் போடவும் உறவினர்கள் கராஜைக் கூட்டித் துப்புரவாக்கினார்கள். மேசையில் கிடந்த சில்லறைச் சாமான்களையெல்லாம் ஒன்றும் தொலையக்கூடாது என்ற அக்கறையில் பால்மா வந்த தகர ரின் ஒன்றுக்குள் போட்டு மூடிவைத்தார்கள். புதிய பாகங்கள் வந்த வெறும் உறைகள் குப்பைக்குப் போயின. அந்த அந்தரத்தில் அவர்கள் செய்த உதவியை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

பிறகு மிசியேயின் உதவியோடு எஞ்சினைக் காருக்குள் இறக்கினேன். இன்றைக்கு இயக்குவது என்று அண்ணி தீர்மானித்தார். மூன்று கிழமைக்கு முன் ஒரு சிறு நட்டைத் தேடி அந்த ரின்னைக் கவிழ்த்தேன். ஸ்பிரிங்குகளை எண்ணினேன். பதின்மூன்று இருந்தன.

பழையவை பன்னிரண்டு. மற்றது? பொதியில் ஒன்று கூடுதலாக வந்ததா? அல்லது ஒரு மூலையில் ஸ்பிரிங் இல்லாமலே அண்ணா மூடியைப் பூட்டிவிட்டாரா? கடையில் விசாரித்தேன். சில பொதியில் கூடுதலாக வரும், சிலதில் வராது என்றார்கள். எது புதியது என்று அறிய உயரத்தை அளந்தேன். கழுவிய பழையவற்றில் சிலவும் புதியது போலவே நின்றன. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, புஸ், புஸ் என்று வரும் காற்றைக் காது வைத்துக் கேட்டேன். ஆறு அறைக்கும் ஆறு மூச்சு. ஒருமுறை ஐந்தாவது மூச்சு மெலிவாகக் கேட்டது. மறுமுறை கேட்கவில்லை. நூறு தடவையாவது சுற்றியிருப்பேன்.

ஸ்பிரிங் இல்லாமல் இயக்கினால் அடைப்பு தளர்ந்து உராயும். அது கீறிவிடும் எஞ்சின் சுவர்கள் இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. அண்ணா கடைசியாகச் செய்த வேலை ஒரு நிமிடத்தில் பாழாகிவிடும். இதைத்தான் அண்ணியிடம் சொன்னேன்.

"அவர் பூட்டினதைப் பிரிக்கப் போறியோ?" என்று கேட்டார்.

"பிரிக்காட்டி உடைஞ்சிடும் எண்டு பயமாக் கிடக்கு, அண்ணி."

"அதுக்கு மட்டுமோ பயம்? மூண்டு கிழமையா நீ ஒழுங்காச் சாப்பிடேல்லை."

அப்போதுதான் அந்தக் கதிரையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். ஒரு ஸ்பிரிங் விடுபட்டிருந்தால், ஆயிரம் வண்டி திருத்திய அந்தக் கைக்கு அன்றே ஏலாமல் போயிருந்தது என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற எனக்கு அது விளங்கவில்லை என்றும் அர்த்தம்.



"அண்டைக்கு இரவு எனக்குச் சோறு வேண்டாம் எண்டவர்," என்றார் அண்ணி. "நான் கார் விஷயத்திலை கொஞ்சம் கத்தினனான். அந்தக் கோவமாக்கும் எண்டு விட்டிட்டன். நீ மட்டும் என்னத்துக்கு இதைச் சுமக்கிறாய்? திற. நானும் வாறன்."

அண்ணாவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதிலிருந்து இறுதிக்கிரியை வரை ஓடித்திரிந்த டோர்வல் வேலை நண்பர்களுக்கும், முப்பத்தொரு நாளும் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த லாசால் அயலவருக்கும், பனிக்குள் வந்து கிரியை செய்த ஐயாவுக்கும், கராஜைக் கூட்டித் தந்த மாமிமாருக்கும், சொல்லாமலே வந்து எஞ்சினை இறக்கித் தந்த மிசியேக்கும் அண்ணியும் நானும் கைகூப்புகிறோம். சத்தம் கேட்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வருகிற சனிக்கிழமை காலை மிசியே எஞ்சின் தூக்கும் சாதனத்தைக் கொண்டு வருகிறார். எஞ்சினை வெளியே எடுத்து, நிமிர்த்தி, நீண்ட போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம். பின் மூடியைத் தூக்கினால் முதலில் தெரிவது அந்த மூன்று மூலைகள்தான். மூன்றிலும் ஸ்பிரிங் இருந்தால் அப்படியே மூடுவோம். ஒன்று இல்லையென்றால் அதைப் பொருத்திவிட்டு மூடுவோம். மூடியை நான் தூக்கிப் பிடிப்பது, அண்ணி முதலில் குனிந்து பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.