வேதக்கண்ணின் சாயங்காலங்கள்

சுண்ணாம்புக் குழியில் நிற்கும்போது வேதக்கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. தோலைப் புரட்டிப் போடவும் மயிர் வழிக்கவுமே பொழுது போதாது. தாகம் எடுத்தாலும் அது தண்ணீர்த் தாகம்தான். ஞாயிற்றுக்கிழமையும் பயமில்லை, கோயில் இருக்கிறது. பயமெல்லாம் தோல் ஷாப்பில் சங்கு ஊதிய பிறகு, வீடுகளில் விளக்கேற்றுவதற்கு முன்னால் வருகிற அந்தச் சின்னப் பொழுதுதான். வாசலைத் தாண்டினால் வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் வீடு, அங்கே யாரும் இல்லை. வலது பக்கம் நாக்கா என்கிற நாற்சந்தி, அங்கே சாராயக்கடை. கால்கள் அவனைக் கேட்காமலே வலது பக்கம் திரும்பப் பழகியிருந்தன.

அவன் குடிகாரனாகப் பிறந்தவன் அல்ல. தாராவிக்கு வந்து இத்தனை வருஷத்தில் கடை வாசலை மிதித்ததில்லை. போன கோடையில் பெண் குழந்தை வைசூரியில் போய்ச் சேர்ந்தது. அப்போது சண்டைக்காலம், பட்டாளத்துக்குப் பூட்ஸ் போக வேண்டும் என்று ஷாப்பில் இரவும் பகலும் வேலை. வேதக்கண் இரண்டு ஷிப்டும் கேட்டு வாங்கிக் கொண்டான். வீட்டுக்கு வந்தால் விழுந்து தூங்குவான். துக்கத்துக்கு அவனைப் பிடிக்க நேரம் கிடைக்கவில்லை. சண்டை முடிந்தது. இரண்டாவது ஷிப்டை எடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் சமாதானம் என்று மிட்டாய் கொடுத்தது. வேதக்கண் கையில் அந்தச் சமாதானம் சாயங்காலத்தைக் கொடுத்தது.

முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்தவன் பக்கத்துக் குழிக்காரன் இசக்கிப்பாண்டி. கெடுக்க வேண்டும் என்று கொடுக்கவில்லை. கூட வேலை செய்கிறவன் வாய் திறக்காமல் குமைவதைப் பார்க்கச் சகிக்காமல் கொடுத்தான். மனைவி ஞானப்பூ சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்த அண்ணன் சுவிசேஷமுத்து வீட்டுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிடுவதாகச் சுவிசேஷமுத்து சொல்லியனுப்பினான். போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பது வேதக்கண்ணுக்குத் தெரியும்.

அவன் காலையில் ஜெபித்தான், மனமுருகித்தான் ஜெபித்தான். சாயங்காலம் குடித்தான். இப்படியே சில வாரம் போனபின் உபதேசியார் தேவவரத்தைத் தேடிப் போனான். உபதேசியாருக்கு வேதக்கண் வயதுதான். பகலெல்லாம் தையல் மிஷின் மிதித்துப் பிழைத்து, மற்ற நேரத்தில் திருநெல்வேலி ஜனங்களின் தகரக் கோயிலைப் பார்த்துக்கொண்டவர். மிஷினை நிறுத்தாமலே என்ன விஷயம் என்று கேட்டார்.

“காலையில பண்ணுத ஜெபம் சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டேங்கு, ஐயா.”

உபதேசியார் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தனக்கும் அப்படித்தான் என்றார். வேதக்கண் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான்: அந்த நேரத்துக்குத் தனக்குக் கோயிலில் ஒரு வேலை வேண்டும். ஊர்க் கோயிலில் அடிப்பதுபோல இங்கேயும் தினம் சாயங்கால மணி அடிக்கிறேன் என்றான்.

“மணி அடிச்சா யாருவே வருவா? ஆளுக்கொரு ஷிப்டு.”

“யாரும் வராண்டாம். நான் கடைக்குப் போவாம இருந்தா போதும்.”

மணி என்பது கோயில் வாசலில் கம்பியில் தொங்கிய தண்டவாளத் துண்டு. மறுநாள் சங்கு ஊதியதும் வேதக்கண் நேரே வந்து சுத்தியலை எடுத்தான். கை தயங்கியது. கடைசியாக வாரநாளில் இது ஒலித்தது அவன் மகளுக்காக. அது விட்டு விட்டு அடிக்கும் துக்க மணி. அந்த நினைவு வரக்கூடாது என்று படபடவென்று வேகமாக அடித்தான்.

எவ்வளவு வேகமாக அடித்து என்ன? வாரநாளில் மணி கேட்டால் தாராவிக்காரர்களுக்கு அர்த்தம் ஒன்றுதான். அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி வரும்போதே கொண்டையை அவிழ்த்துவிட்டாள். நெடுநாளாக நெஞ்சுச் சளியில் கிடந்த சீமோன் பாட்டையாதான் போயிருப்பார் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு கட்டி, அவர் எத்தனை நல்ல மனுஷர் என்று ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்கள். நாக்காவிலிருந்து இசக்கிப்பாண்டியும் இரண்டு பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாடை கட்டத் தயாராக வந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கம்பூன்றி வந்து நின்றார் சீமோன் பாட்டையா.

“நான் இங்கன இருக்கேன். போனது யாருல?”

யாரும் போகவில்லை என்று தெரிந்ததும் வேதக்கண்ணுக்கு விழுந்த வசவைச் சொல்லி முடியாது. சோறு கரிந்ததற்கு ஒருத்தி, கொண்டை அவிழ்ந்ததற்கு இன்னொருத்தி. இதற்குள் மூச்சு வாங்கித் திண்டாடிய பாட்டையா, வந்தது வந்தாயிற்று, தான் உயிரோடு இருப்பதற்காவது ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போகலாம் என்றார். உட்கார்ந்தார்கள். பாடினார்கள். உபதேசியார் தைக்கும்போது ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் பூணோடு ஓடி வந்து வேதம் வாசித்தார். இசக்கிப்பாண்டி கடைசி வரிசையில் கைகட்டி நின்றான். எழுந்தபோது வெளியே விளக்குகள் எரிந்தன. வேதக்கண் பயந்த பொழுது எப்போது வந்தது, எப்போது போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்புறம் கூட்டம் குறைந்துவிட்டது. சில நாள் பத்துப் பேர், பல நாள் அவனும் உபதேசியாரும் பாட்டையாவும்தான். குடிக்கும் ஆசை அவனை விட்டுப் போய்விடவில்லை. அதுவும் கூடவே கோயிலுக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது அதைப் பார்த்து அவனுக்குப் பயம் வரவில்லை. குழந்தையைப் பற்றி ஆண்டவரிடம் ஒருநாள் கோபமாகவே பேசினான். பதில் ஒன்றும் வரவில்லை. யாரோ கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தது போல மட்டும் இருந்தது. அது போதுமாயிருந்தது.

டிசம்பர் பிறந்தபோது உபதேசியார் ஒரு கலியாணத்துக்காகப் பூனா போனார். பாட்டையாவுக்கு அன்று எழுந்திருக்க முடியவில்லை. வேதக்கண் மணி அடித்தான். யாரும் வரவில்லை. தனியாகப் பாடிப் பார்த்தான். குரல் தகரத்தில் முட்டி அவனிடமே திரும்பியது. கதவைச் சாத்தினான். கால்கள் பழைய வழியை மறந்திருக்கவில்லை.

மறுநாள் அவன் கோயிலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு சுத்தியலைத் தொடுவது? வேலை விட்டு வந்து வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தமும் பெண்கள் குரலும் கேட்டன. பக்கத்து வீட்டுக்காரிகள், அவர்களுக்குப் பின்னால் சீமோன் பாட்டையா, இசக்கிப்பாண்டிகூட. மணி கேட்கவில்லையாம், இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று வந்திருக்கிறார்கள். பாட்டையா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“உயிரோட இருக்கான். அன்னைக்கு நான், இன்னைக்கு இவன்.”

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவர்களை விலக்கிக்கொண்டு ஞானப்பூ உள்ளே வந்தாள். லேபர் கேம்ப்பிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்ததில் மூச்சிரைத்தது. மணிச்சத்தம் அங்கே வரைக்கும் கேட்கும் என்பதோ, அடிப்பது அவன்தான் என்று கேள்விப்பட்டு அவள் தினமும் அதற்காகக் காத்திருந்தாள் என்பதோ வேதக்கண்ணுக்கு அதுவரை தெரியாது. நல்லது ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். வாயில் வந்தது உண்மைதான்.

“நேத்து குடிச்சிட்டேன்.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு இல்ல.”

“அப்போ எந்திரிங்க. நேரமாவுது.”

அவ்வளவுதான் சொன்னாள். அவன் எழுந்தான். முன்னால் அவனும், பின்னால் அவளும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அத்தனை பேருமாகத் தெரு வழியே போனார்கள். இசக்கிப்பாண்டி நாக்கா வந்ததும் கழன்றுகொண்டான். கழன்றவன் இரண்டடி நடந்து, என்ன நினைத்தானோ, மறுபடி வந்து சேர்ந்துகொண்டான். விளக்கேற்றிய பிறகு மணி அடித்தது அன்று ஒருநாள்தான். உபதேசியார் இல்லாததால் பாட்டையா ஜெபித்தார். இருமலுக்கு இடையில் ஒரு பெரிய ஜெபம். விழுந்தவனைத் தூக்குகிறவரே என்ற வார்த்தையை அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். வேதக்கண் தலை குனிந்து அழுதான். அந்த அழுகையில் வெட்கமும் இருந்தது. ஆனால் சாராயம் ஒருநாளும் கொடுக்காத ஆறுதல் அதில் இருந்தது. குழந்தை போனபின் அவன் அழுவது அதுதான் முதல் தடவை. பெண்கள் பக்கத்திலிருந்து ஞானப்பூவின் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கலைந்தபின் அவள் லேபர் கேம்ப் பக்கம் திரும்பவில்லை. அண்ணனிடம் சொல்லாமல் வந்துவிட்டாளே என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், இப்போது உலை வைக்க வேண்டும் என்றாள்.

சுவிசேஷமுத்து ஒரு வாரம் கோபமாயிருந்தான். பிறகு ஒரு சாயங்காலம், மைத்துனன் நிஜமாகவே மணி அடிக்கிறானா என்று பார்க்க வந்தவன், உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போனான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் தனியாகத்தான் ஊருக்கு ரயிலேறினான்.